பார்ப்பதற்கென்றே ஒரு சவாரி: தேம்ஸ் படகோட்டிகளின் நானூறு ஆண்டுகள்

லண்டனில் தேம்ஸ் நதிமேல் இன்று ஓடும் சுற்றுலாப் படகுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் நதிதான் நகரத்தின் ராஜவீதி. படகோட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், சனங்களை அக்கரை சேர்த்துப் பிழைத்தார்கள். பாலங்களும் ரயிலும் வந்தன, தொழில் செத்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிவருவது மட்டும் எச்சமாக நின்றது. உழைப்பு போய் உல்லாசம் வந்தது என்கிற இந்த வருத்தம் நேர்மையானதுதான். ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. ஊரைப் பார்ப்பதற்கென்றே படகு அமர்த்திக்கொள்வது, அந்தத் தொழில் நொடித்த பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வழக்கமன்று. தொழில் உச்சத்தில் இருந்தபோதே அதுவும் கூட இருந்தது. அதற்கேற்றபடிதான் லண்டனும் தன் முகத்தை நதியின் பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். 1209இல் கட்டி முடிந்த லண்டன் பாலத்தை விட்டால், 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை நகரத்துக்குள் ஆற்றைக் கடக்க வேறு பாலம் கிடையாது. இருந்த ஒரே பாலத்தின் மேலும் இருபுறமும் வீடுகள், கடைகள், இடையில் வண்டிகள். தெருக்களோ குறுகல், சேறு. ஆகவே கரை மாறுவதற்கு மட்டுமல்லாமல், ஒரே கரையில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கும் படகுதான் வசதி. கரை நெடுகப் படித்துறைகள் இருந்தன. அங்கே இறங்கிக் குரல் கொடுத்தால் ஓட்டிகள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் வலிக்கும் படகுக்கு ஒரு கூலி, இருவர் வலிக்கும் படகுக்கு அதைவிடக் கூடுதல். 1514இல் நாடாளுமன்றம் கூலியை வரையறுத்துச் சட்டம் போட்டது. 1555இல் இன்னொரு சட்டம் ஓட்டிகளை மேற்பார்க்கவும் பயிற்சியை ஒழுங்குபடுத்தவும் ஆட்களை நியமித்தது. வாட்டர்மேன் எனப்படும் படகோட்டிகளின் சங்கம் அங்கிருந்துதான் தன் வயதைக் கணக்கிடுகிறது. அந்த ஒழுங்குக்குக் காரணம் இருந்தது. தேம்ஸ் கடல் ஓதம் ஏறும் ஆறு. லண்டன் பாலத்தருகே பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறக்குறைய 7 மீட்டர் ஏறி இறங்குகிறது. பழைய பாலத்தின் தடித்த தூண்கள் ஆற்றைப் பாதிக்கு மேல் அடைத்து நின்றதால், ஓதம் வடியும்போது வளைவுகளுக்குள் தண்ணீர் அருவியாகக் கொட்டும். விவரம் தெரிந்தவர்கள் பாலத்துக்கு முன்னாலேயே கரையிறங்கி, நடந்துபோய் மறுபக்கம் படகேறுவார்கள். அந்த வளைவுக்குள் படகை விட்டவர்களில் பலர் பிழைக்கவில்லை.

இந்த ஆற்றில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டா? 1598இல் பவுல் ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மானியர், சைலீசியாவைச் சேர்ந்த ஓர் இளம் பிரபுவுக்கு ஆசிரியராக அவருடன் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு லண்டன் வந்தார். அவருடைய பயண நூல் லத்தீனில் எழுதப்பட்டு 1612இல் அச்சானது. காற்று வாங்க ஆற்றோடு கீழே போனதாக அவர் எழுதுகிறார். அந்தப் போக்கில் கண்ணில் பட்டவற்றை வரிசையாகக் குறிக்கவும் செய்கிறார்: உலகத்தைச் சுற்றிவந்த பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல், ஒரு கரையில் ராட்கிளிஃப் என்ற புறநகர், எதிர்க்கரையில் ஆட்டுக்கொம்புகள் மாட்டிய நெடிய கம்பம், அந்தக் கம்பத்தைப் பற்றி ஊரார் சொல்லும் நையாண்டி விளக்கம், பிறகு கிரீனிச் அரண்மனை. அரண்மனையில் எலிசபெத் ராணியையே பார்க்கிறார்; அவருடைய பற்கள் கறுத்திருந்ததையும் தலையில் பொய்முடி இருந்ததையும் எழுதிவைக்கிறார். இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கம்பத்துக்கு ஊரார் சொன்ன விளக்கம் வெளிநாட்டுக்காரர் காதுக்கு எப்படி வந்தது? யார் சொன்னார்கள் என்று நூலில் இல்லை. இருந்தாலும் ஆற்றின் நடுவில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் அந்தக் கரைகளின் கதை தெரிந்தவர்கள் படகோட்டிகள்தான் என்று ஊகிப்பதில் தவறில்லை. டிரேக்கின் கப்பலும் அங்கே தற்செயலாகக் கிடக்கவில்லை. 1581இல் ராணி டெப்ட்போர்டில் அதன் மேல்தளத்திலேயே டிரேக்குக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தபின், சனங்கள் வந்து பார்ப்பதற்காகவே அதைத் துறையில் நிறுத்திவைத்தார்கள். மரம் உளுத்து உதிரும்வரை பல பத்தாண்டுகள் அது காட்சிப்பொருளாக இருந்தது. இன்று லண்டன் டவர் கோட்டையருகே படகேறி கிரீனிச் போகிறவர் பார்க்கும் காட்சிகளின் வரிசைக்கு அடித்தளம் நானூறு ஆண்டுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். ஹென்ட்ஸ்னர் போன்ற வெளியூர் கனவான்கள் எத்தனை பேர்? ஓட்டிகளுக்குச் சோறு போட்டது அன்றாடம் அக்கரை போகும் உள்ளூர் மக்கள்தானே? உண்மைதான். ஆனால் அந்த உள்ளூர் மக்கள் எதற்காக அக்கரை போனார்கள் என்று ஓட்டிகளிடமே கேட்கலாம். பதிலை அவர்கள் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். நாடகக் கொட்டகைகளும் கரடிச் சண்டை நடக்கும் களங்களும் அப்போது தென்கரையில் இருந்தன. 1613 ஜூன் மாதம் குளோப் நாடக அரங்கு எரிந்து, நாடகக் குழுக்கள் வடகரைக்கு இடம்பெயரும் நிலை வந்ததும் ஓட்டிகள் கலங்கிப்போனார்கள். நகரத்தின் பக்கம் நான்கு மைல் தொலைவுக்குள் நாடக அரங்கு கூடாதென்று மன்னரிடம் மனுக் கொடுத்தார்கள். மனுவைச் சுமந்துகொண்டு போனவர் ஜான் டெய்லர். துடுப்பு வலித்தபடியே கவிதையும் எழுதி அச்சிட்டு விற்றவர், தம்மை ‘நீர்க்கவி’ என்று அழைத்துக்கொண்டவர். வின்ட்ஸரிலிருந்து கிரேவ்ஸெண்ட் வரை படகை நம்பி 40,000 பேர் வாழ்வதாக அவர் சொன்ன கணக்கு வழக்காடுகிறவரின் கணக்கு. அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மனுவும் தீர்ப்பில்லாமல் முடிந்தது, குளோப் மறு ஆண்டே பழைய இடத்தில் எழுந்தது. ஆனாலும் அந்த மனு ஒரு வாக்குமூலம். பொழுதுபோக்கச் செல்கிறவர்கள் வராவிட்டால் எங்கள் வயிறு காயும் என்று தொழிலாளர்களே ஒப்புக்கொண்டது அதில் பதிவாகியிருக்கிறது. பின்னாளில் இதையே வாக்ஸால் பூங்கா உறுதிப்படுத்துகிறது. 1660களிலிருந்து இருந்த அந்த உல்லாசத் தோட்டத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை அநேகமாக எல்லாரும் படகில்தான் போனார்கள். மாலை வெளிச்சத்தில் ஆற்றில் போவதும் அந்தக் கேளிக்கையில் சேர்ந்ததே. 1717 ஜூலை 17ஆம் தேதி முதலாம் ஜார்ஜ் மன்னர் வொயிட்ஹாலிலிருந்து செல்சிக்குப் படகில் போனபோது, பக்கத்துப் படகில் ஐம்பது கலைஞர்கள் ஹேண்டலின் புதிய இசையை வாசித்தார்கள். துடுப்பே போடாமல் ஏறும் ஓதமே படகுகளை இழுத்துச் சென்றது. கேட்கவும் பார்க்கவும் வந்தவர்களின் படகுகளால் ஆறே மூடிக்கிடந்தது என்று அன்றைய செய்தித்தாள் எழுதியது. அத்தனை படகுகளையும் வலித்தவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த கூலி வேடிக்கைக்கான கூலியல்லாமல் வேறென்ன?

கட்டடங்களின் சாட்சி இன்னும் வலுவானது. பக்கிங்ஹாம் பிரபுவின் மாளிகைக்கு 1626இல் கட்டிய கல்வாசல் ஆற்றில் கால் நனைத்து நின்றது. வந்திறங்குகிறவர் முதலில் காண வேண்டியது அதைத்தான். 1776இல் வில்லியம் சேம்பர்ஸ் கட்டத் தொடங்கிய சோமர்செட் ஹவுஸின் தென்முகம் தண்ணீரிலிருந்தே எழும்பியது. அதன் நடுவளைவுக்குள் படகு நேராக நுழையும். கிரீனிச்சில் கடற்படை முதியோருக்கான மாளிகையைக் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்தபோது, பின்னாலிருந்த ராணி மாளிகைக்கும் ஆற்றுக்கும் நடுவே பார்வை மறையக்கூடாது என்பது இரண்டாம் மேரி ராணியின் நிபந்தனை. ரென் கட்டடத்தை நடுவில் பிளந்து, இரட்டைக் கோபுரங்களுக்கு இடையே அந்தச் சிறிய மாளிகை தெரியும்படி விட்டார். தெருப்பக்கமிருந்து வருகிறவருக்கு அந்த ஒழுங்கு பிடிபடாது. ஆற்றிலிருந்து, அதுவும் ஒரு குறிப்பிட்ட புள்ளியைப் படகு கடக்கும்போது, எல்லாம் ஒரே கோட்டில் வந்து சேரும். எதிர்க்கரையிலிருந்தும் அதைப் பார்க்கலாம் என்பது சரி. அதற்கென்று 1895இல் அங்கே ஒரு பூங்காவும் திறந்தார்கள். ஆனால் ரென் காலத்தில் எதிர்க்கரை பெரும்பாலும் சதுப்பும் மேய்ச்சல் நிலமும்தான். அந்தக் காட்சி யாருக்காக அமைக்கப்பட்டதென்றால், நீரில் வருகிறவருக்காகத்தான்.

அப்படியானால் எது மாறியது? பாலங்கள் ஒவ்வொன்றாக வந்தன: பிளாக்ஃபிரையர்ஸ் 1769, வாட்டர்லூ 1817, சதர்க் 1819. ஓட்டிகளின் அக்கரைக் கூலி கரைந்தது. ஆனால் பாலங்கள் நதியை மறைக்கவில்லை. மறைத்தது எம்பாங்க்மென்ட் என்னும் கரைச்சுவர். 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே முடக்கும் அளவுக்குப் போனபின், பொறியாளர் ஜோசப் பஸால்ஜெட் கழிவுநீரைக் கரையோரமாகவே பெருங்குழாய்களில் கிழக்கே கொண்டுசெல்லத் திட்டமிட்டார். 1870இல் திறந்த விக்டோரியா எம்பாங்க்மென்ட் அந்தக் குழாயையும், சுரங்க ரயிலையும், மேலே ஓர் அகன்ற சாலையையும் தாங்குகிறது. நகரத்தைக் காலராவிலிருந்து காத்த பணி அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் அதன் விலை இன்னதென்று சொல்லத்தான் வேண்டும். பக்கிங்ஹாமின் நீர்வாசல் இப்போது ஆற்றிலிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால் பூங்காச் செடிகளுக்கு நடுவே நிற்கிறது. சோமர்செட் ஹவுஸின் வளைவுக்கு முன்னால் வண்டிகள் ஓடுகின்றன. நகரம் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் படகுக்கு அலுவல் குறைந்தது. பார்வை மட்டும் அதனிடம் தங்கியது. வேடிக்கை வந்து தொழிலை விழுங்கியதாகச் சொல்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். 1905இல் லண்டன் மாவட்ட மன்றம் அன்றாடப் பயணிகளுக்கென 30 நீராவிப் படகுகளை வாங்கி விட்டது; டிராமும் ரயிலும் ஓடும் ஊரில் அவை நட்டத்தில் மூழ்கி 1907இல் நின்றன. அலுவல் பயணம் கைவிட்ட இடத்தில் பார்க்க வந்தவர்கள்தான் ஆற்றில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

சுற்றுலாப் படகை ஓட்டுவதில் பழைய ஓட்டிகளின் திறமை எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. ஓதத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஏறும் நீர், இறங்கும் நீர், பாலத்தூண்களுக்கிடையே சுழலும் நீர் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. தளத்தில் நிற்பவர் வணிகரா வழிப்போக்கரா என்று ஆறு பார்ப்பதில்லை. டாக்கெட் என்ற நாடக நடிகர் 1715இல் தொடங்கிவைத்த துடுப்புப் பந்தயம், புதிதாகத் தொழிலுரிமை பெற்ற இளம் ஓட்டிகளுக்கு மட்டுமானது. லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரை ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர், வென்றவருக்கு மேலங்கியும் வெள்ளிப் பதக்கமும். இன்றும் அது நடக்கிறது. 2007இல் பழைய தேம்ஸ் உரிமத்தின் இடத்தில் நாடு முழுவதற்குமான உரிமம் வந்தபோது ஓட்டிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆற்றின் மையப் பகுதியில் ஓட்டுவதற்கு உள்ளூர் நீரறிவு தனியாகச் சோதிக்கப்பட வேண்டும் என்பது அதன் பிறகும் நிலைத்தது.

உல்லாசப் பயணம் இலேசான விஷயம் என்ற எண்ணத்தை இந்த ஆறு இருமுறை உயிர்களை வாங்கிப் பொய்யாக்கியிருக்கிறது. 1878 செப்டம்பர் 3 மாலை, கிரேவ்ஸெண்ட் பக்கமிருந்த ரோஷர்வில் தோட்டத்தில் பொழுதைக் கழித்துத் திரும்பியவர்களை ஏற்றிவந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு, வூலிச் அருகே ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதிப் பிளந்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பஸால்ஜெட்டின் குழாய்கள் சுமந்துவந்த லண்டனின் கழிவு, சற்று முன்புதான் அந்த இடத்தருகே ஆற்றில் திறந்துவிடப்பட்டிருந்தது. நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அந்த நீரில் வழியில்லை. 1989 ஆகஸ்ட் 20 நள்ளிரவுக்குப் பின் மார்ஷியோனஸ் என்ற உல்லாசப் படகை ஒரு மணல் வாரும் கப்பல் மோதி மூழ்கடித்தது. பிறந்தநாள் விருந்துக்கு வந்த 51 பேர் இறந்தார்கள். நகரின் நடுவே, இருகரையிலும் விளக்கெரியும் ஆற்றில், காப்பாற்றுவதற்கென்று ஒரு மீட்புப் படகு நிலையம்கூட அப்போது இல்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடித்தான் முறையான பொது விசாரணையைப் பெற்றார்கள். 2002இல் தேம்ஸில் நான்கு மீட்பு நிலையங்கள் அமைந்தன. அவற்றில் டவர் நிலையம் இன்று வாட்டர்லூ பாலத்தருகே, அதே எம்பாங்க்மென்ட் சுவரை ஒட்டி மிதக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள மீட்புப் படகு நிலையங்கள் எல்லாவற்றிலும் அதிகமாக அழைக்கப்படுவது அதுதான்.