கட்டுரையின் கடைசிப் பக்கம்

வைத்தியப் பத்திரிகைகளில் வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பவர்களுள் பெரும்பாலோர் கண்ணெடுத்தும் பாராத பகுதி, கட்டுரையின் முடிவில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் சான்றுப் பட்டியல். இன்னார், இன்ன தலைப்பில், இன்ன பத்திரிகையில், இன்ன வருஷத்தில் எழுதினார் என்று எண்ணிட்டு நிற்கும் அந்த வரிகளில் காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்பதற்குக்கூடக் கண்டிப்பான விதி உண்டு. அவ்விதிகளை மகா பண்டிதர்கள் கூடி சாஸ்திரோக்தமாக வகுத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். சரித்திரத்தைப் புரட்டினாலோ, நூலகத்தில் அட்டை எழுதியவர்களும் டைப்பிரைட்டர் முன் உட்கார்ந்து விரல் நொந்தவர்களுமே அவற்றுக்கு மூலகாரணம் என்று தெரியவருகிறது.

1860-ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்த ஒஹையோ வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெறும் பொருட்டு, காக்காய் வலிப்புக்குச் செய்யும் சஸ்திர சிகிச்சையைப் பற்றி ஆய்வுரை எழுதப் புகுந்த ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் இளைஞர், தமக்கு முன்னிருந்தோர் கண்ட பலாபலன்களைத் திரட்ட விரும்பிப் பல நூலகங்களின் படியேறிப் பார்த்து, வேண்டிய நூல்களெல்லாம் ஒருங்கே கிடைக்கும் நூலகம் அந்தத் தேசத்திலேயே இல்லை என்பதையும், கிடைத்த குறிப்புகளிலும் பல வழி தவறச் செய்பவை என்பதையும் கண்டுகொண்டார். உள்நாட்டு யுத்தத்தில் ராணுவ வைத்தியராகச் சேவை செய்த பிறகு, 1865-இல் வாஷிங்டனில் தலைமை ராணுவ வைத்தியரின் அலுவலகத்து நூலகம் அவர் பொறுப்பில் வந்தது. ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்டபின் நாடகம் நின்றுபோன அதே போர்டு நாடகசாலையில்தான் அந்த நூலகம் பல ஆண்டுகள் இருந்தது என்பது விதியின் விநோதம். அங்கே உட்கார்ந்து பில்லிங்ஸ், வந்து சேர்ந்த நூல்களை மட்டுமல்ல, பத்திரிகைகளில் வந்த ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியே அட்டையில் ஏற்றச் செய்தார். 1879-இல் ராபர்ட் பிளெச்சரின் துணையோடு 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற மாதப் பட்டியலைத் தொடங்கினார். 1880-இல் வெளிவரத் தொடங்கிய பெரிய நூற்பட்டியலின் முதல் வரிசை 1895-க்குள் பதினாறு சம்புடங்களாக வளர்ந்தது. ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒரே ஒழுங்கில் நின்றாலொழிய எதையும் தேடியெடுக்க முடியாது. எழுதியவர் பெயர், தலைப்பு, பத்திரிகையின் சுருக்கப் பெயர், தொகுதி, பக்கம், வருஷம் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சலித்துக்கொண்டு எழுதும் அங்கங்களெல்லாம் அந்த அட்டைகளின் அங்கங்களே.

இதற்குள் வேறொரு சம்பிரதாயமும் பிறந்திருந்தது. ஹார்வர்டு சர்வகலாசாலையின் பிராணி சாஸ்திர ஆசிரியர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், தோட்டத்து ஓடில்லா நத்தையின் முட்டை வளர்ச்சியைப் பற்றி 1881-இல் பிரசுரித்த நூலில், வாக்கியத்தின் நடுவே பிறை வளைவுக்குள் ஆசிரியர் பெயரையும் வருஷத்தையும் குறித்தார். ஹார்வர்டு முறை என்று உலகம் அழைப்பது இதைத்தான். வைத்தியர்களுள் பலர் இதை ஏற்காமல், எண்ணிட்டு எழுதும் வழக்கத்திலேயே நின்றார்கள். பக்கம் மிச்சமாயிற்று என்பது உண்மைதான், ஆனால் அதற்குரிய விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

குறிப்பை ஒழுங்கின்றி எழுதினால் என்ன நேரும் என்பதற்கு வைத்திய உலகத்தில் ஓர் அற்புதமான திருஷ்டாந்தம் உண்டு. பிராக் நகரத்து யாரோஸ்லாவ் ஹ்லாவா என்ற பேராசிரியர் 1887-இல், சீதபேதிக்கும் அமீபாவுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிச் செக் பாஷைப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். கட்டுரையின் தலைப்பு 'ஓ ஊப்லவிட்ஸி'. சீதபேதியைப் பற்றி என்பதே அதன் பொருள். அதற்கு ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் சுருக்கம் எழுதிய கார்ட்டூலிஸ் என்பவர், தலைப்பையே ஆசிரியர் பெயராகக் கொண்டுவிட்டார். அன்று தொட்டு 'ஊப்லவிட்ஸி, ஓ.' என்னும் வைத்தியர் ஐம்பது வருஷ காலம் உலக விஞ்ஞானப் பத்திரிகைகளில் சிரஞ்சீவியாக உலவி வந்தார். மூலத்தைப் புரட்டிப் பாராமல் ஒருவர் குறிப்பை மற்றொருவர் பெயர்த்தெழுதியவர்களெல்லாம் அவருக்கு ஆயுள் கொடுத்தவர்கள். இங்கிலாந்தின் கிளிபோர்டு டோபெல் 1938-இல், பிறவாத அந்த மனிதருக்குப் பிறப்பு வருஷம் 1887, இறப்பு வருஷம் 1938 என்று தலைப்பிட்டு ஒரு சிறு கட்டுரை எழுதிக் கணக்கை முடித்தார். இவ்வளவு நயமான பரிகாசத்தை விஞ்ஞானப் பத்திரிகைகளில் அதிகம் காண முடிவதில்லை.

எண் முறைக்கு விலை கொடுத்தவர் யார் என்றேனே, அவர் டைப்பிஸ்டு. முப்பது சான்றுகள் கொண்ட கட்டுரையில் ஐந்தாவதற்குப் பின் புதிதாக ஒன்றை நுழைத்தால், அதற்குப் பிந்திய எண்கள் அத்தனையும், பட்டியலில் மட்டுமல்ல, கட்டுரையின் உடலிலும் மாற வேண்டும். அது போதாதென்று ஒரு பத்திரிகை வருஷத்தைப் பெயருக்குப் பக்கத்தில் கேட்கும், மற்றொன்று கடைசியில் கேட்கும். ஒரு பத்திரிகை நிராகரித்த கட்டுரையை அடுத்ததற்கு அனுப்ப நேர்ந்தால், விஷயத்தில் ஓரெழுத்தும் மாறாதிருக்கப் பட்டியல் முழுவதையும் மறுபடி அடித்தாக வேண்டும். சியாட்டில் நகரில், வாஷிங்டன் சர்வகலாசாலையில் காரியதரிசியாக இருந்த ஒரு பெண்மணி இந்தச் சள்ளை பொறுக்கமாட்டாமல் பத்திராதிபர்களிடமே முறையிட்டார். 1978 ஜனவரியில் எட்வர்டு ஹூத், ஸ்டீபன் லாக் முதலிய வைத்தியப் பத்திராதிபர் சிலர், சியாட்டிலுக்கு அதிக தூரமில்லாத கனடா நாட்டு வான்கூவர் நகரில் கூடினார்கள். மறு வருஷம் விதிகள் வெளிவந்தன. ஊரின் பெயரே முறைக்கும் நிலைத்தது. சான்றெழுதும் வடிவத்தை அவர்களுக்கு வகுத்துத் தந்தது அமெரிக்கத் தேசிய வைத்திய நூலகம். 1956-இல் அந்தப் பெயரைப் பெற்ற அந்த ஸ்தாபனம், பில்லிங்ஸ் வளர்த்த அதே நூலகந்தான்.

அந்த வடிவத்தை நம் ஊர் உதாரணம் ஒன்றில் பார்க்கலாம். க்ஷயரோகிகளை ஆரோக்கியசாலையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமென்பதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம் என்று காட்டிய சென்னை ஆராய்ச்சி, உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. முறைப்படி அதற்குக் குறிப்பு எழுதுபவர் முதலில் ஆசிரியர் ஸ்தானத்தில் சென்னை க்ஷயரோக ரசாயன சிகிச்சை நிலையத்தின் பெயரை இட்டு, தலைப்பையும் பத்திரிகையின் சுருக்கப் பெயரையும் எழுதி, பிறகு 1959;21:51-144 என்று முடிப்பார். வருஷத்துக்குப் பின் அரைப்புள்ளி, தொகுதிக்குப் பின் முக்காற்புள்ளி, பக்கங்களுக்கிடையே சிறு கோடு, நடுவில் இடைவெளியே கிடையாது. 'தொகுதி', 'பக்கம்' என்ற சொற்கள் இல்லாமலே எந்த எண் எதைக் குறிக்கிறதென்று நிறுத்தக் குறிகளே சொல்லிவிடுகின்றன. தனிமனிதர் பலர் சேர்ந்து எழுதியிருந்தால் முதல் ஆறு பெயர்களைச் சொல்லி 'மற்றும் பலர்' என்று நிறுத்துவது இன்றைய வழக்கம். ஏழாமவருடைய மனத்தாங்கலுக்கு விதியில் இடமில்லை.

வடிவம் ஒன்றானதால் விஷயமும் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 1984 ஜனவரியில் வெளியான ஆறு வைத்தியப் பத்திரிகைகளின் சான்றுகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், குறிப்புகளில் நூற்றுக்கு 24 பிழைபட்டிருப்பதையும், நூற்றுக்கு 15-இல் மூல ஆசிரியர் சொன்னதே திரித்துக் கூறப்பட்டிருப்பதையும் கண்டு மறு வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பிற்பாடு எண்களைத் தாமே மாற்றிக்கொள்ளும் கம்ப்யூட்டர் சாதனங்கள் வந்து டைப்பிஸ்டின் வேலையைப் பறித்துக்கொண்டன; அச்சில் வந்த 'இண்டெக்ஸ் மெடிகஸ்' 2004-இல் நின்றது. வான்கூவரில் கூடிய சிறு குழுவோ சர்வதேசக் கமிட்டியாகி, தன் விதிநூலுக்கு 2013-இல் புதுப்பெயரும் சூட்டிக்கொண்டது. சான்றுகளை மூலத்தோடோ நம்பத்தக்க நூற்பட்டியலோடோ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்நூல் இன்றும் சொல்கிறது. சான்று காட்டிய கட்டுரையைப் பத்திரிகையே பின்னர் வாபஸ் வாங்கியிருக்கிறதா என்று விசாரிக்கும் கடமையையும் எழுதுபவர் தலையிலேயே வைக்கிறது.