வெந்நீரும் வலிப்பும்: மைசூர்ச் சீமை தந்த பாடம்

மைசூர் நகரத்தில் அக்ரஹாரம் என்றொரு பகுதி உண்டு. கற்போருக்கும் கற்பிப்போருக்கும் அரசர் மானியமாக அளித்த குடியிருப்பை முன்னோர் அப்பெயரால் வழங்கினர். இன்று அப்பகுதியில் ஜே.எஸ்.எஸ். மருத்துவமனை விளங்குகிறது. மறை ஓதுவோர்க்கு மட்டுமன்று, நோய் தீர்ப்போர்க்கும் கல்வி முடிவற்றதே. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மைசூர்ச் சீமையின் குளியலறையே போதும்.

தென்னாட்டில் தலைமுழுக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ நிகழ்வது. அண்டாவில் காய்ந்த நீரை விளாவி, செம்பு செம்பாக மொண்டு, விரைவாகத் தலையில் ஊற்றுவர். அவ்வேளையில் சிலருக்குப் பார்வை நிலைகுத்துகிறது, பேச்சுக் குழறுகிறது, நினைவு தப்புகிறது. சிலருக்குக் கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. குழந்தைகளிடையே இது மிகுதி. தெய்வக் குற்றமென்றும் காற்றுச் சேட்டையென்றும் அஞ்சி மந்திரிப்போரை நாடிய குடும்பங்கள் பல.

இத்தகைய வலிப்பை 1945இல் நியூசிலாந்து மருத்துவர் ஒருவர் ஏட்டில் பதிவு செய்தார். எனினும், அங்கு அரிதாயிருந்தது இங்கு அரிதன்று. 1968இல் பெங்களூரில் டாக்டர் கே. எஸ். மணியும் அவர்தம் தோழர்களும் ‘வெந்நீர் வலிப்பு’ குறித்து முதற்கட்டுரை வெளியிட்டனர். 1974இல் 108 நோயாளரைப் பற்றிய விவரம் வந்தது. 1988இல் நிம்ஹான்ஸ் மருத்துவர் சதீஷ்சந்திராவும் குழுவினரும் 279 பேரைப் பற்றி எழுதினர். முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எளந்தூர் வட்டாரத்தில் வீடுதோறும் நடந்த கணக்கெடுப்பு 1998இல் வெளியாயிற்று. அங்கே வலிப்பு நோயாளர் 100 பேரில் ஏறத்தாழ 7 பேருக்கு இவ்வகை இருந்தது.

பரிகாரமோ எளிது. நீரின் சூட்டைக் குறைத்து, மெல்ல ஊற்றினாலே பலர் நலமடைகின்றனர். அதுவும் போதாதவர்க்கு, மருத்துவர் சொற்படி, முழுக்குக்கு முன் உட்கொள்ளும் குளோபசாம் மாத்திரை உதவுகிறது.

நோயைவிட அதன் பெயரால் வந்த இழிவே கொடிது. வலிப்பு உண்டென்றால் திருமணம் தடைப்படும். 1976இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டமே, அடிக்கடி வலிப்பு வருவோரைத் திருமணத்துக்குத் தகுதியற்றோர் வரிசையில் வைத்திருந்தது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. மருத்துவர் கற்றதைச் சட்டமும் காலந்தாழ்த்திக் கற்றது எனலாம்.

வெந்நீர் வலிப்பு பழைய நோய். அதைக் கண்டறிந்த அறிவே புதிது. இதற்கு நிகரான மற்றொரு கதையும் உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படை, சில வேளை மூளையையே பகையெனக் கருதித் தாக்குகிறது. இளம்பெண் ஒருத்தி திடீரெனப் பிதற்றுவாள், உறக்கம் கெடும், பின்னர் வலிப்புக் காணும். மனநோய் என்று கருதப்பட்ட இந்நிலைகளுள் ஒன்றுக்கு, மூளை நரம்பணுக்களின் ‘என்.எம்.டி.ஏ.’ ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருளே காரணம் என்று ஜோசப் டால்மோ குழுவினர் 2007இல் நிறுவினர். சிலரிடம் சூலகக் கட்டியே இதற்குத் தூண்டுகோலாகிறது. வேறொரு வகையில் முகமும் கையும் ஒருசேர நொடிப்பொழுது வெட்டும். நாளில் பலமுறை நிகழும். அதற்கு வழக்கமான வலிப்பு மருந்துகளைவிட ஸ்டீராய்டு மருந்தே நன்கு கைகொடுக்கிறது. காலத்தே கண்டால் பலர் மீள்கின்றனர். தாமதித்தால் நினைவாற்றல் குன்றும், உயிருக்கே இடர் நேரும்.

2007க்கு முன் பட்டம் பெற்ற மருத்துவர் இதனைத் தம் பாடநூலில் எங்ஙனம் படித்திருப்பார்? ஐந்தாண்டில் 30 மணி நேரமேனும் தொடர் கல்வி பெறவேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள் கூறியதன் பொருள் இங்கே விளங்கும். அது சடங்கன்று; அறியாமையால் ஓர் உயிர் வீணாகாமல் காக்கும் வேலி.

நமக்கும் இதில் பங்குண்டு. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். வாயில் எதையும் திணியோம். கையில் இரும்பு கொடுத்துக் காலம் கழியோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைவோம். எப்போது வந்தது, எங்ஙனம் தொடங்கியது என்பதை நினைவில் வைத்து மருத்துவரிடம் உரைப்போம். ‘தலைக்கு ஊற்றும்போது வந்தது’ என்று தாய் ஒருத்தி சொல்லும் சொல்லில் நோயின் பெயரே அடங்கியிருக்கக்கூடும்.