குதிரைச் சக்தியும் வாட்டும்



நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் படிப்படியாக இராத்தல் போய்க் கிலோ வந்தது. ஒரு கிலோ ஏறக்குறைய 2.2 இராத்தல். ஆகவே, இராத்தலுக்கு 10 சென் கூலி வாங்கியவர் கிலோவுக்கு 22 சென் வாங்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாதவருக்கு உழைப்பில் பாதி வீண். மின்சாரத்திலும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

இரு நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து ஆலைகளில், நம் ஊர்ச் செக்கு மாடுகளைப் போலக் குதிரைகள் சுற்றி வந்து இயந்திரங்களை இழுத்தன. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் வாட் தாம் திருத்தியமைத்த நீராவி இஞ்சினை அந்த ஆலைக்காரர்களிடம் விற்க விரும்பினார். "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதானே அவர்கள் கேட்கும் கேள்வி! எனவே 1780களில் அவர் ஒரு கணக்கு வகுத்தார். 550 இராத்தல் எடையை ஒரு விநாடியில் ஓர் அடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைச் சக்தி என்றார்.

வாட் 1819இல் காலமானார். மின்விளக்கு வீடுகளுக்கு வருமுன்பே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் 1882இல் வில்லியம் சீமென்ஸ் என்னும் பொறியியலாளர், மின் ஆற்றலின் அளவைக்கு 'வாட்' எனப் பெயரிடலாம் என்றார். 1889இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு அதை ஏற்றது. ஒரு குதிரைச் சக்தி என்பது சுமார் 746 வாட். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வழங்கிய மெட்ரிக் குதிரையோ 75 கிலோவை விநாடிக்கு ஒரு மீட்டர் தூக்குவது. அது சுமார் 735 வாட்தான். பெயர் ஒன்று, அளவு வேறு!

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். முன்னாளில் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே இஞ்சின் ஓடும். லயத்து வீடுகளில் விளக்கு எரியும். திடீரென விளக்குகள் மங்கும். இஞ்சின்காரரை ஏசுவோம்; கிராணியை ஏசுவோம். கணக்கை மட்டும் பார்க்க மாட்டோம்.

பத்துக் குதிரைச் சக்தி இஞ்சின் 7,460 வாட் தரும். மின்னாக்கியிலும் கம்பியிலும் இழப்புப் போக, 6,000 வாட் வீடுகளுக்கு வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். நாற்பது வாட் விளக்குகள் 150 எரியலாம். ஆனால் 750 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று ஏறத்தாழ ஒரு குதிரையையே விழுங்கும். எட்டு வீட்டார் ஒரே நேரத்தில் சட்டை தேய்த்தால், அந்த 150 விளக்குக்குரிய ஆற்றலும் தீர்ந்தது! குற்றம் யார் மேலும் இல்லை. இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருந்தால், லயத்துக்கு லயம் முறை வைத்துத் தேய்த்திருப்போம், சண்டை இருந்திராது.

இன்று மாதாமாதம் பில் வருகிறது. அதிலுள்ள ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, என்பது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவாவது. நாற்பது வாட் விளக்கு 25 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். அதே இஸ்திரிப் பெட்டி விடாமல் சூடேறினால் ஒரு மணி இருபது நிமிடத்தில் ஒரு யூனிட்.

கடையில் குளிர்சாதனத்தை 'ஒரு குதிரைச் சக்தி' என்று விற்கிறார்கள். அது குளிரூட்டும் திறனைக் குறிக்கும் வணிகப் பெயர். அதை 746ஆல் பெருக்கினால் மின்செலவு கிடைக்காது. அதன் வில்லையில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதைப் படித்த பிறகே பணத்தை எடுங்கள்.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளைகளை அழைத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். இராத்தலைக் கிலோவாக்கத் தெரிந்த நம் குடும்பங்களுக்கு இதுவும் கைவரும்.