புள்ளும் வேலும் வாயிலும்

தமிழில் 'தொடங்கினார்' என்பதற்கும் 'தொடங்கிவைத்தார்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை 'வை' என்னும் துணைவினை ஒன்றே காட்டிவிடுகிறது. வேலையைச் செய்யப்போகிறவர்கள் ஒருபுறம் இருக்க, அதற்குத் தொடக்கம் தருவதற்கென்றே ஒரு பெரியவர் வந்து போகிறார் என்பது அதில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படியொரு துணைவினை இல்லை. மழைக்கும் சண்டைக்கும் பொதுவான 'பிகின்', 'ஸ்டார்ட்' ஆகிய இரண்டும் ஜெர்மானிய வேரிலிருந்து பிறந்தவை. சடங்கோடு கூடிய தொடக்கத்தைச் சொல்லும் வினைகளோ பெரும்பாலும் லத்தீனிலிருந்து நேராகவோ, 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பின் அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் செல்வாக்குப் பெற்ற பிரெஞ்சின் வழியாகவோ வந்து சேர்ந்தவை. அவற்றுள் சில, தொடங்கிவைக்கும் உரிமை பெற்ற ஓர் அதிகாரியையும் தம்முள் மறைத்துக்கொண்டு வந்தன.

'இனாகுரேட்' என்னும் வினையில் மறைந்திருப்பவர் ஆகர், அதாவது பண்டைய ரோமில் புள் நிமித்தம் பார்த்தவர். 'நற்சகுனம் வாய்ந்த' என்று பொருள்படும் 'ஆஸ்பிஷஸ்' என்ற சொல்லும் பறவையைக் குறிக்கும் 'அவிஸ்', பார்த்தலைக் குறிக்கும் 'ஸ்பெகெரே' என்னும் லத்தீன் வேர்களால் ஆனது. ரோமின் இரண்டாம் அரசனாக மரபு கூறும் நூமா அரியணை ஏறிய முறையை வரலாற்றாசிரியர் லிவி விரிவாக எழுதியிருக்கிறார். நூமா கோட்டை மேட்டில் ஒரு கல்லின் மீது தெற்கு நோக்கி அமர, தலையை மூடிய ஆகர் அவருக்கு இடப்புறம் அமர்ந்து, 'லிட்டூஸ்' என்னும் கணுவற்ற வளைகோலை வலக்கையில் ஏந்தி, கிழக்கிலிருந்து மேற்காக வெளியைப் பகுத்தார். பின்னர் கோலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நூமாவின் தலைமேல் வைத்து, யூப்பிட்டரிடம் குறி வேண்டினார். குறி தோன்றிய பிறகே நூமா அரசனாக அறிவிக்கப்பட்டார். இவ்வாறு நிமித்தம் பார்ப்பதற்காக வரையறுக்கப்பட்ட வெளிக்கு 'டெம்ப்ளம்' என்று பெயர். கோயிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் வழிவந்ததே.

ஆகர்கள் தொழில்முறைப் பூசாரிகள் அல்லர்; அரசியலில் ஊறிய பெருங்குடியினர். ஆகவே நிமித்தம் அரசியல் கருவியானதில் வியப்பில்லை. கி.மு. 59இல் யூலியஸ் சீசருடன் கான்சல் என்னும் தலைமைப் பதவி வகித்த பிபுலஸ், சீசரின் சட்டங்களைத் தடுக்க வேறு வழியின்றி, வீட்டுக்குள் இருந்தபடியே தாம் வானத்தில் குறி பார்த்துக்கொண்டிருப்பதாக அறிவித்துவந்தார். முறைப்படி அந்த அறிவிப்பே மக்கள் அவையின் நடவடிக்கையை நிறுத்தப் போதுமானது என்றாலும், சீசர் அதைப் பொருட்படுத்தவில்லை. போர்க்களத்தில் பறவைக்காகக் காத்திருக்க முடியாததால் கூண்டில் கோழிகளைக் கொண்டுசென்றனர். தீனியை அவை வாயிலிருந்து சிந்தும் அளவுக்கு ஆவலாய்த் தின்றால் நற்குறி. கி.மு. 249இல் டிரெபானா கடற்போருக்கு முன் கோழிகள் தின்ன மறுத்தபோது, தளபதி கிளாடியஸ் புல்கர், அப்படியானால் தண்ணீராவது குடிக்கட்டும் என்று அவற்றைக் கடலில் எறிந்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும் தோல்வி உண்மை. வரலாற்றாசிரியர் பொலிபியஸின் கணக்கின்படி 93 கப்பல்கள் எதிரியிடம் சிக்கின. தாமே ஆகராக இருந்த ரோமானியச் சொற்பொழிவாளர் சிசெரோ, நிமித்தக் கலையை எள்ளி நகையாடி ஒரு நூலே எழுதினார். பதவியை மட்டும் விடவில்லை.

'இனாகுரேட்' என்னும் வினை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் புழங்கியபோது பறவைகள் உதிர்ந்துபோயிருந்தன. பதவியேற்பு மட்டும் எஞ்சியிருந்தது. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் ஃபெடரல் ஹால் மாடத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் உறுதிமொழி எடுத்ததும், இன்று ஒரு பாலத்துக்கு நடக்கும் திறப்பு விழாவும் ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன.

'லாஞ்ச்' இவ்வரிசையில் சேராத சொல். ஈட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு 'லான்ஸ்' என்பதிலிருந்து பிறந்து, முதலில் எறிதலையும் பிறகு கப்பலை நீரில் இறக்குவதையும் குறித்தது. எறிவதற்கு யாருடைய இசைவும் தேவையில்லை. வணிகர்கள் தம் புதுச் சரக்குக்கு இதையே தேர்ந்துகொண்டதன் காரணம் அதுவாகவே இருக்க வேண்டும். விசைப்படகைக் குறிக்கும் 'லாஞ்ச்' வேறு சொல். அது மலாய் மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் வழி வந்ததாகக் கருதப்படுகிறது.

பதவியில் அமர்த்துவதைச் சொல்லும் 'இன்ஸ்டால்' பேராலயத்தில் குருமாருக்கென ஒதுக்கிய 'ஸ்டால்' என்னும் இருக்கையிலிருந்து வந்தது. கணினியில் மென்பொருளை நிறுவும்போது அந்த இருக்கை யாருக்கும் நினைவில் இல்லை. புதிய காலத்தை அழைத்துவருவதற்கு ஆளப்படும் 'அஷர்' வாயிற்காவலரின் பெயர். அதன் லத்தீன் மூலமான 'ஒஸ்தியாரியுஸ்', வாயிலைக் குறிக்கும் 'ஒஸ்தியும்' என்பதிலிருந்தும், அது வாயைக் குறிக்கும் 'ஓஸ்' என்பதிலிருந்தும் வந்தவை; 'இல்வாய்' என்பது 'வாயில்' ஆனதை இலக்கணப் போலி எனப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிராக இராது. இந்த வாயிற்காவலர் சொல்லில் மட்டுமன்றி ஆளாகவும் இன்றுவரை நிலைத்திருக்கிறார். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் தொடக்க நாளில், 'பிளாக் ராட்' என்று கருங்கோலின் பெயராலேயே அழைக்கப்படும் அஷர், மக்களவை உறுப்பினர்களை அழைக்க வருகிறார். 1642இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய அவைக்குள் நுழைந்ததன் நினைவாக, அந்த அஷரின் முகத்துக்கு நேரே கதவு அறைந்து சாத்தப்படுகிறது. கோலால் மூன்று முறை தட்டிய பிறகே அது திறக்கும்.