மொழியும் இனமும்: இலங்கைச் சோனகர் விவாதம் தரும் படிப்பினை

காஞ்சிபுரத்தில் நாம் அரபி பயிற்றுவிக்கும் வகுப்பில், இல்லத்தில் உருது பேசும் மாணவரும் தமிழ் பேசும் மாணவரும் அருகருகே அமர்கின்றனர். மார்க்கம் ஒன்று, பாடம் ஒன்று. ஆயினும் ஒருநாள் ‘அசல் முஸ்லிம் யார்?’ என்ற சர்ச்சை அவர்களிடையே மூண்டது. அன்று இலக்கணத்தை மூடி வைத்துவிட்டு, இலங்கை வரலாற்றின் ஓர் ஏட்டைப் புரட்டினோம்.

1888ஆம் ஆண்டு ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகரின் தாய்மொழி தமிழ், வழக்காறுகளிலும் தமிழ் மரபு உண்டு, ஆகவே அவர்கள் இனத்தால் தமிழரே என்பது அவர் முடிபு. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டப்பட்ட காலம் அது. 1889இல் அது கிடைத்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு, மொழி இனத்துக்குச் சான்றாகாது என வாதிட்டு, அரபு மூதாதையரை முன்னிறுத்தியது.

ஒருவர் நாவைப் பார்த்தார். மற்றவர் வமிசத்தைப் பார்த்தார். இவ்விருவருக்கும் இடையே வகுப்பறையைப் பார்த்தவர் அறிஞர் சித்திலெவ்வை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய அவர், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை இயற்றினார். அதன் நாயகன் எகிப்தியன். அதன் மொழியோ தமிழ். 1892இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி உருவாக அவர் உழைத்தபோது, இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டிருந்த எகிப்தியத் தலைவர் உராபி பாஷா துணை நின்றார். தமிழ் பேசுவதும் அரபுலகை நேசிப்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

பின்னாளில் இனக் கணக்கு கடுமையாயிற்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேறியோரும் வெளியேற்றியோரும் பேசிய மொழி தமிழே. மொழி ஒன்றாயிருப்பது மட்டுமே மனங்களை இணைத்துவிடாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்குர்ஆன் (30:22) இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அத்தாட்சி சிந்திப்பதற்குரியது, தரம் பிரிப்பதற்குரியதன்று. உருது பேசுவதால் ஒருவரின் ஈமான் கூடுவதில்லை. தமிழ் பேசுவதால் குறைவதுமில்லை. இதனைப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே உணராவிடின், வெளியுலகம் வேறு பாடத்தைக் கற்பித்துவிடும்.