கரிமமும் சேதனமும் அங்ககமும்

மதுரையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி 'கரிம வேதியியல்' படிக்கிறாள். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் மாணவிக்கு அதே பாடம் 'சேதன இரசாயனம்'. சர்க்கரை, கொழுப்பு, புரதம், அமிலம், ஆல்ககால் என்று இரண்டு புத்தகங்களும் பேசுவது ஒன்றையே. வேளாண் அலுவலகத்துக்குப் போனால் மூன்றாவதாக ஒரு சொல் காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் விதைக்குச் சான்று தரும் துறையின் பெயரிலேயே 'அங்ககச் சான்று' என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் 'ஆர்கானிக்' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல் நடந்து வந்த வழியில் மூன்று வெவ்வேறு இடங்களில் தமிழ் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

வேரில் இருப்பது 'ஆர்கனான்' என்ற கிரேக்கச் சொல். வேலை செய்ய உதவும் கருவி என்பது பொருள். கண் பார்க்கும் கருவி, காது கேட்கும் கருவி என்ற வகையில் உடலுறுப்புக்கும் அதுவே பெயராயிற்று. தமிழுக்கு இந்தப் பொருள்மாற்றம் புதிதல்ல. இயந்திரத்தையும் பொறி என்கிறோம், கண் காது மூக்கையும் ஐம்பொறி என்கிறோம். உறுப்புகள் கூடி இயங்கும் உடல் எதுவோ அது 'ஆர்கானிக்' ஆனது. உறுப்பை அங்கம் என்று வைத்துக்கொண்டால் 'அங்ககம்' இந்த முதல் பொருளுக்கு நேர் நிற்கும் சொல்.

வேதியியலுக்குள் இந்தச் சொல் வந்தது பின்னால். 1675இல் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா லெமரி தம் பாடநூலில் பொருள்களைக் கனிமம், தாவரம், விலங்கு என மூன்றாகப் பிரித்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் தாவரத்தையும் விலங்கையும் ஒரே கூடையில் போட்டு, உறுப்புள்ள உயிர்களிடமிருந்து கிடைப்பவற்றின் வேதியியல் என்று அதற்குத் தனிப்பெயர் வழங்கினார். அதன் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. உப்பையும் சுண்ணாம்பையும் சோதனைச்சாலையில் செய்துவிடலாம். சர்க்கரையையும் கொழுப்பையும் உண்டாக்க உயிருக்குள் மட்டும் இருக்கும் ஒரு விசை வேண்டும் என்று அக்கால அறிஞர் பலர் நினைத்தார்கள்.

'சேதனம்' அந்த நம்பிக்கையின் காலத்துக்குப் பொருந்தும் சொல். உணர்தல், அறிதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது அது. வைணவ உரைகளில் சேதனன் என்றால் அறிவுள்ள ஆன்மா. அறிவற்ற பொருள் அசேதனம். சமயநூல்களில் பழகிய இந்த இணையை ஈழத்து அறிவியல் தமிழ் வேதியியலுக்கு எடுத்துக்கொண்டது. இதில் வசதி உண்டு. ஓர் 'அ' சேர்த்தால் போதும், மறுபாதிக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது: அசேதன இரசாயனம். ஆனால் பெர்சீலியஸ் உயிர் என்று நின்ற இடத்தில் இந்தச் சொல் ஒரு படி மேலே ஏறி அறிவு என்றே சொல்லிவிடுகிறது. மாவுச்சத்துக்கு அறிவு இருப்பதாக யாழ்ப்பாணத்தில் எந்த மாணவியும் நினைப்பதில்லை என்பது வேறு விஷயம். பழகிய சொல்லின் வேரை யாரும் தினமும் தோண்டிப் பார்ப்பதில்லை.

உயிர்விசை என்ற எண்ணத்தில் முதல் கீறல் 1828இல் விழுந்தது. பெர்சீலியஸிடம் பயின்ற ஃபிரெடெரிக் வோலர் பெர்லினில் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்க முயன்றார். கிடைத்த படிகங்கள் வேறாக இருந்தன. சோதித்தபோது சிறுநீரில் உள்ள யூரியாவே அது. சிறுநீரகமே இல்லாமல், மனிதனோ நாயோ தேவைப்படாமல் யூரியாவைச் செய்துவிட்டேன் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஒரு கடிதத்தோடு உயிர்விசை மாண்டது என்று பாடநூல்கள் சொல்வது மிகை. அவர் எடுத்துக்கொண்ட மூலப்பொருள்களே விலங்குகளின் இரத்தத்திலிருந்தும் கொம்பிலிருந்தும் வந்தவை என்று வாதிட இடமிருந்தது. 1845இல் ஜெர்மானிய வேதியியலாளர் கோல்பே அசிட்டிக் அமிலத்தைக் கனிமப் பொருள்களிலிருந்து படிப்படியாகச் செய்து காட்டினார். பிறகு பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ இன்னும் பல சேர்மங்களைச் செய்தார். நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் கரைந்தது.

உயிர் என்ற அடையாளம் போனபின் இந்தப் பொருள்களைச் சேர்த்துக் கட்ட வேறொரு கயிறு வேண்டியிருந்தது. 1861இல் வெளிவந்த தம் பாடநூலில் ஜெர்மானிய வேதியியலாளர் கெக்குலே, இது கார்பன் சேர்மங்களின் வேதியியல் என்று வரையறுத்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'கரிமம்' இங்கிருந்து தொடங்குகிறது. கருமை, கரி, கருகு என்று வரும் சொற்குடும்பத்தில் பிறந்த இந்தச் சொல்லுக்கு அடுப்பங்கரையே சாட்சி. அரிசியைத் தீயவிட்டால் கருகும். வெல்லப்பாகும் முட்டையும் இறைச்சியும் கருகும். உப்பை வாணலியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் அது படபடவென்று வெடிக்குமே ஒழியக் கருகாது. கருகுவது கரிமம் என்பது சோதனைச்சாலைக்கு முழுமையான விதி ஆகாது. ஆனாலும் உயிருடலைக் கட்டியிருக்கும் பொருள்களை அடையாளம் காண அது நல்ல தொடக்கம்.

அந்தப் பொருள்கள் பெரும்பாலும் நான்கு குடும்பங்களில் அடங்கும்: மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்டுகள், புரதங்கள், கொழுப்புகள், மரபுச்செய்தியைத் தாங்கும் நியூக்ளிக் அமிலங்கள். உயிரணுவிலிருந்து தண்ணீரை நீக்கிவிட்டால் எஞ்சும் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். காரணம் அதன் நான்கு கைகள். ஓர் அணு நான்கு பிணைப்புகள் கொள்ளும். தன்னினத்து அணுக்களோடு கோத்துக்கொண்டு சங்கிலியாகவும் கிளையாகவும் வளையமாகவும் நீளும். 20 வகை அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் கோத்தே நம் உடலின் புரதங்கள் ஏறத்தாழ அனைத்தும் உருவாகின்றன.

கரிமத்துக்கு எதிர்ச்சொல்லாகத் தமிழ்நாடு 'அகரிமம்' என்று எழுதவில்லை, 'கனிமம்' என்றது. லெமரியின் பழைய பிரிவு அப்படியே திரும்பி வந்துவிட்டது. விலக்குகளும் உண்டு. கரியமில வாயுவிலும் சுண்ணாம்புக்கல்லிலும் கார்பன் இருக்கிறது, ஆனாலும் அவை கனிமப் பக்கமே. மறுபுறம், 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. அவற்றை எந்த உயிரும் உண்டாக்கவில்லை. அவற்றைச் சேதனம் என்று சொல்ல நா கூசும். கரிமம் என்று சொல்லத் தயக்கமே இல்லை.

இதற்குள் 'ஆர்கானிக்' வயலுக்குத் திரும்பியிருந்தது. இந்தூரில் மட்குரம் தயாரிக்கும் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டும், இங்கிலாந்தில் நார்த்போர்ன் பிரபுவும் 1940இல் தத்தம் நூல்களை வெளியிட்டார்கள். மண், பயிர், மாடு, மனிதர் எல்லாம் உறுப்புகளாய்ச் சேர்ந்த ஓருடலே பண்ணை என்பது நார்த்போர்னின் பார்வை. அந்த வேளாண்மைக்கு இந்தப் பெயர் வந்தது அங்கிருந்துதான்; கார்பனுக்கு அதில் பங்கில்லை. ஆகவே சில மொழிபெயர்ப்புகளில் காணும் 'கரிம வேளாண்மை' தடம் மாறிய சொல். 'அங்கக வேளாண்மை' மூலத்துக்கு நெருக்கமானது. விவசாயிகள் வாயில் வழங்குவதோ 'இயற்கை விவசாயம்'; வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராய்ப் பேசிப் பரப்பியதும் அதைத்தான்.

ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்கினால் வரும் சிக்கலை இலங்கை 2021இல் கண்டது. அந்த ஆண்டு அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து எல்லோரையும் சேதனப் பசளைக்கு மாறச் சொன்னது. விளைச்சல் சரிந்து எதிர்ப்பு வலுக்க, நவம்பரில் தடையைத் தளர்த்தியது. தடைபட்டவற்றில் யூரியாவும் ஒன்று. வேதியியல் வகுப்பில் யூரியா சேதனச் சேர்வைகளின் வரலாற்றையே தொடங்கிவைத்த பொருள். வயல்வரப்பில் சேதனப் பசளைக்கு நேர் எதிரி. ஆங்கிலத்திலும் இதே முரண் உண்டு, அங்கேயும் சொல் ஒன்றுதான்.

தமிழ்நாட்டு மண் ஆய்வு அறிக்கையில் 'அங்ககக் கரிமம்' என்று ஓர் இனம் இருக்கும். மட்கிய இலை, வேர், சாணம் ஆகியவற்றிலிருந்து மண்ணில் சேர்ந்த கார்பனின் அளவு அது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தால் 'கரிமக் கரிமம்' என்று உளற வேண்டியிருக்கும். கலைச்சொற்களில் ஒன்றை நிறுத்தி மற்றதை ஒழிக்கவேண்டும் என்று வாதிடுவோர் இந்த வரியைப் பார்க்கலாம். சேர்மத்துக்குக் கரிமம், பண்ணைக்கு அங்ககம் என்று இடமறிந்து ஆண்டால், தமிழ் மாணவிக்கு யூரியாவைப் பற்றிய குழப்பம் வரவே வராது: அது கரிமச் சேர்மம், அங்கக உரம் அல்ல.