உவர்மண் உண்ணும் காட்டு விலங்குகள்

உப்பும் பிற தாதுக்களும் மிகுந்த மண் காட்டில் வெளித்தெரியும் இடம் உவர்மண் திட்டு. யானை, காட்டுமாடு, மிளா போன்ற தாவர உண்ணிகள் இத்தகைய இடங்களுக்கு வந்து மண்ணை நக்கியும் பெயர்த்தும் உண்கின்றன. இம்மூன்றும் கன்னியாகுமரி மாவட்ட மலைக்காடுகளில் வாழ்பவை.

நிலமும் உப்பும்

நாஞ்சில் நாட்டின் தெற்கே புத்தளம், சாமித்தோப்புப் பகுதிகளில் உப்பளங்கள் உள்ளன. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் இம்மாவட்டத்தில் பெய்கின்றன. சோடியம் நீரில் எளிதில் கரைவது. மழை மிகுந்த மலைமண்ணிலிருந்து அது அடித்துச் செல்லப்படுகிறது. பெரும்பாலான தாவரங்களுக்குச் சோடியம் தேவையில்லை என்பதால் இலைதழைகளிலும் அது குறைவு.

மண் உண்பதன் காரணங்கள்

புலி, சிறுத்தை போன்றவற்றுக்கு இரையின் இறைச்சியிலும் இரத்தத்திலும் சோடியம் கிடைத்துவிடும். தாவர உண்ணிகளுக்கு அந்த வழியில்லை. மழைக்குப் பின் துளிர்க்கும் இளந்தழையில் பொட்டாசியமும் நீரும் மிகுதி. அதை உண்ணும்போது உடலின் சோடியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சினையுற்ற, பாலூட்டும் விலங்குகளுக்குத் தாதுத் தேவை இன்னும் கூடும். ஆண்டுதோறும் தேவை ஒரேயளவில் இராமைக்கு இவையே காரணம். களிமண்ணுக்கு வேறொரு பயனும் உண்டு: இலைகளிலுள்ள டானின் போன்ற பொருட்களைப் பற்றிக்கொண்டு குடலைக் காக்கிறது. கென்யாவின் எல்கான் மலையில் யானைகள் கிட்டம் குகைக்குள் சென்று தந்தத்தால் பாறையைப் பெயர்த்து உண்பதும் உப்புக்காகவே.

அரசும் உப்பும்

நாஞ்சில் நாடு இருந்த திருவிதாங்கூரில் உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவுடன் செய்த வணிக உடன்படிக்கையால் அதன் விலையும் பிரிட்டிஷ் பகுதிகளின் விலைக்கு இணையாக்கப்பட்டது. மாட்டின் கழுநீரில் கல்லுப்புப் போடும் உழவர், காட்டு விலங்கு மண்ணில் தேடும் அதே சோடியத்தையே கொடுக்கிறார். அவர் அதை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

வேட்டையும் சட்டமும்

உப்புத் தேவை விலங்குகளுக்கு ஆபத்தாகவும் முடிந்தது. அவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் என்பதை அறிந்த வேட்டைக்காரர்கள் திட்டுகளின் அருகே பதுங்கியிருந்து சுட்டனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உவர்மண் திட்டுகளிலும் நீர்நிலைகளிலும் அவற்றுக்குச் செல்லும் வழிகளிலும் வேட்டையாடுவதைத் தடை செய்தது.

கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டக் காடுகளில் 1,197 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தழையும் நீரும் மட்டும் யானைக்குப் போதா. உவர்மண்ணும், அதற்குச் செல்லும் பாதையும் காக்கப்பட்டால்தான் அது முழுமையான வாழிடமாகும்.